டைட்டானியம் என்பது ஒரு நிறம்

ஆர்வோ மட்டிலாவுக்கு முடி வளர்ந்து காதை மூடிவிட்டது. பதினோரு வருஷமாக மாதம் தவறாமல் ஜினெட்டின் நாற்காலியில் போய் உட்கார்ந்தவன், ஏழு வாரமாக அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. யாராவது கேட்டால், "குளிர் விடட்டும்னு பாக்கறேன்" என்பான். கனடாவின் சட்பரியில் குளிர் எப்போது விடும் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதால் அந்தப் பொய்க்கு நல்ல ஆயுசு இருந்தது.

முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் அரைமணி நேரம் கண்ணாடியைப் பார்த்தே ஆக வேண்டும். முன்னால் தன் முகம், அதற்குப் பின்னால் அவள் முகம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஆர்வோ நிக்கல் ஆலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அணில் பார்ப்பது அலுத்துப்போய், கோரியின் வேப் கடையில் வாரத்துக்கு நாலு நாள் நிற்க ஆரம்பித்தான். சிகரெட்டை விட்டுவிட்டு ஆவி இழுக்க மாறுகிறவர்களுக்குக் கருவியும் திரவமும் விற்கிற கடை அது. பிளாஸ்டிக் சமாச்சாரங்களைக் கோரியே விற்றுவிடுவான், முப்பது வயதுப் பையனுக்கு அது போதும். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் விலை கூடிய உலோகக் கருவிகளை விற்கத்தான் ஆர்வோ.

அந்த அலமாரி முன்னால் நின்றுவிட்டால் ஆர்வோ வேறு ஆள்.

"அலுமினியமா? கைக்கு லேசு. ஆனா ஒரு தடவ கீழ விழுந்தா மூஞ்சி கோணிரும். செம்பு இருக்கே, அது மொத வாரம் கல்யாணப் பொண்ணு, ரெண்டாவது வாரம் கரி பிடிச்ச கெட்டில். பித்தள வாங்கினா பொண்டாட்டி உங்க கையப் பிடிக்க மாட்டா, அப்படி ஒரு நாத்தம். எஃகு கழுத மாதிரி, எவ்வளவு வேணா சுமக்கும், கூடவே உங்க பாக்கெட்டயும் கிழிக்கும்." இந்த இடத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொள்வான். "டைட்டானியத்தப் பத்தி நான் பேச மாட்டேன். கையில எடுங்க. அதுவே பேசும்."

வாங்க வந்தவர்கள் பாதி, இதைக் கேட்க வந்தவர்கள் பாதி. ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் மத்தியானம் வந்து, "இன்னிக்கு என்னய்யா பிரசங்கம்?" என்று சீண்டிவிட்டு நின்று கேட்பார்கள். அவன் சாவிக்கொத்தில் ஆலையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னக் காந்தம் தொங்கும். எந்த உலோகத்தைக் கண்டாலும் அதை ஒட்டிப் பார்ப்பான். கடைக்குள் வரும் நாயின் கழுத்துச் சங்கிலிகூடத் தப்பாது.

பிப்ரவரி கடைசியில் ஜினெட் அந்த அலமாரி முன்னால் வந்து நின்றாள். பதினாறு வயதில் பிடித்த சிகரெட், இப்போது வயது ஐம்பத்திரண்டு. போன இலையுதிர் காலத்தில் அவளுடைய அக்காவுக்கு நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜினெட் முடிவெடுத்துவிட்டாள்.

"ஆர்வோ, நல்லதா ஒண்ணு குடு. ஆயுசுக்கும் ஒண்ணுதான் வாங்குவேன். ஒரே ஒரு விஷயம், நிக்கல் இருக்கக் கூடாது. ஒரு பொட்டுகூட."

நிக்கல் தோண்டிச் சாப்பிடுகிற ஊரில் பிறந்து, அவளுக்கு நிக்கல் ஆகாது. மட்டமான கம்மல் போட்டால் காது வீங்கும். சாதாரணக் கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல் வெடிக்கும். முடிவெட்டும் தொழிலில் இருந்துகொண்டு அவள் பட்ட பாட்டை ஆர்வோ பதினோரு வருஷமாக நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறான்.

"யார்கிட்ட வந்து நிக்கலப் பத்திப் பேசற?" என்றான்.

"அதான உன்கிட்ட வந்தேன்."

அலமாரியைத் திறந்து, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். மேலே பெரிய எழுத்தில் டைட்டானியம் என்று போட்டிருந்தது. உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில், வாய் வைக்கும் முனை வரைக்கும் ஒரே வார்ப்பாக, அழகான சாமான். ஜினெட்டுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. ஆனாலும் அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். தோல் டாக்டர் கொடுத்தது. பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால், நிக்கல் இருந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகிவிடும்.

"ஒரே ஒரு தடவ தேச்சுப் பாத்துரட்டுமா? கோச்சுக்காத."

கடையில் அப்போது ஆலைக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் மட்டும் இல்லாதிருந்தால் ஆர்வோ, தேய்த்துக்கொள் என்று சொல்லியிருப்பானோ என்னவோ. அதை அவன் பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தான்.

"என்கிட்டயே சொட்டு மருந்தா? நிக்கலோட முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்துனவன் நான். பொண்டாட்டியோடகூட இருபத்தஞ்சுதான்."

ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். ஆர்வோ சாவிக்கொத்தை எடுத்தான்.

"இங்க பாரு. நிக்கல்னா காந்தத்த விடாது, ஓடி வந்து ஒட்டிக்கும். தெனமும் பாத்தவன் சொல்றேன்." காந்தத்தைக் கருவியின் மேல் வைத்தான். அது வழுக்கிக்கொண்டு கீழே போனது. "ஒட்டுதா?"

"இல்ல."

"முடிஞ்சுது. ஆயுசு முழுக்க வாரண்டி. கம்பெனி வாரண்டி ஒண்ணு, என் வாரண்டி ஒண்ணு."

"சரி சாமி, தெரியாம கேட்டுட்டேன்" என்று ஜினெட் சிரித்தாள். குப்பியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பேட்டரி போட்டுவிட்டு அதைக் கையில் ஏந்தியபோது ஆர்வோவின் உள்ளங்கை ஏதோ சொன்னது. கனமாக இருந்தது. டைட்டானியம் என்றால் எஃகின் கனத்தில் பாதிக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. பேட்டரியின் கனம் என்று சொல்லிக்கொண்டான். அவனிடத்தில் கைக்கும் வாய்க்கும் தகராறு வந்தால் ஜெயிப்பது எப்போதும் வாய்தான்.

மார்ச் நாலாம் தேதி ஜினெட் கடைசி சிகரெட்டை அணைத்தாள். ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு, ஒரு டப்பா நிறைய பட்டர் டார்ட் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"எட்டு நாள்! எனக்கே நம்ப முடியல. இதுல தேதி வெட்டிக் குடேன், ஆர்வோ. மார்ச் நாலு."

எழுத்து பொறிக்கிற சின்ன இயந்திரம் ஒன்று கடையின் பின் அறையில் இருந்தது. ஆர்வோதான் அதில் கெட்டிக்காரன்.

"அடியில வெட்டட்டுமா?"

"வேணாம். வாய் வைக்கிற எடத்துல வெட்டு. கீழ் உதட்டுல படணும். சிகரெட் நெனப்பு வர்றப்பல்லாம் தேதி உதட்டுல உறுத்தணும்."

பின் அறையில் விளக்கைப் போட்டு, கருவியை இடுக்கியில் பொருத்தி, ஊசியை இறக்கினான். முதல் எழுத்தின் முதல் கோட்டிலேயே கருஞ்சாம்பல் பூச்சு தூளாக உதிர்ந்து, அடியில் வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

ஆர்வோ இயந்திரத்தை நிறுத்தினான். டைட்டானியம் அப்படிப் பளபளக்காது. மூலையில் கிடந்த அதே ரகத்தின் காலிப் பெட்டி ஒன்றை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. நிறம்: டைட்டானியம். உடல்: துருப்பிடிக்காத எஃகு.

அதே கம்பெனியின் இன்னொரு பெட்டியில் 'ரோஜாப் பொன்' என்று போட்டிருக்கும். அதைத் தங்கம் என்று ஒருத்தரும் நினைத்ததில்லை. டைட்டானியத்தை மட்டும் டைட்டானியம் என்று நினைக்க, உலோகம் தெரிந்த ஒரு மனுஷன் வேண்டியிருந்தது.

அடுத்து நினைவுக்கு வந்ததுதான் அவனை ஸ்டூலில் உட்காரவைத்தது. சுத்த நிக்கல் காந்தத்தில் ஒட்டும், சரிதான். இரும்போடு நிக்கலைக் கலந்து சமையலறைத் தொட்டிக்கு ஆகிற எஃகாக உருக்கினால் காந்தம் ஒட்டாது. ஒட்டாமல் செய்வதே அந்த நிக்கல்தான். ஆலையில் சேர்ந்த முதல் மாதமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இத்தனை வருஷம் அவன் உருக்கி அனுப்பிய நிக்கல் எல்லாம் வேறெங்கே போயிற்று? எதைக் காட்டி நிக்கல் இல்லை என்று நாலு பேர் முன்னால் மார்தட்டினானோ, அதுவே நிக்கல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜினெட் கோரியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "அந்தப் பெருமையெல்லாம் ஆர்வோவுக்குத்தான். இந்த ஊர்ல என்னை சிகரெட்ட நிறுத்த வச்ச ஒரே ஆளு அவன்தான்."

அந்த நிமிஷம் எழுந்து கதவைத் திறந்திருக்கலாம். ஜினெட், தப்பு நடந்துபோச்சு, அதைத் தொடாதே என்று சொல்லியிருக்கலாம். வேறொன்று மாற்றிக் கொடுத்திருக்கலாம், அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போயிருப்பாள். ஆலைக்காரர்கள் ஒரு மாதம் கேலி செய்திருப்பார்கள். அந்தக் கேலிக்குத்தான் பயந்தான். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் அதற்குப் பயந்து ஊசியை மறுபடியும் இறக்கினான்.

எஃகுக்குள் நிக்கல் கெட்டியாகத்தான் உட்கார்ந்திருக்கும், லேசில் வெளியே வராது, மேலே பூச்சு வேறு இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே மீதி எழுத்துகளையும் வெட்டினான். அந்தப் பூச்சைத்தான், அவள் உதடு படுகிற இடமாகப் பார்த்து, தன் கையாலேயே சுரண்டிக்கொண்டிருக்கிறோம் என்பதும் தெரிந்துதான் இருந்தது. துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான்.

"அழகா இருக்கு. தேங்க்ஸ், ஆர்வோ." கதவு வரை போனவள் திரும்பினாள். "நெசமாவே, தேங்க்ஸ்."

அவள் போன பிறகு கோரி ஒரு டார்ட்டை எடுத்து நீட்டினான். ஆர்வோ அதை வாங்கி மென்றான். வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தான்.

ஏப்ரல் நடுவில் அவள் மறுபடி வந்தாள். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் அதைக் கீழே இழுத்தாள். கீழ் உதடு தடித்து, வெடித்து, ஓரங்களில் பொருக்குத் தட்டியிருந்தது. மோவாய் வரை சிவப்பு இறங்கியிருந்தது. ஆர்வோவின் கண் தானாகவே வேறு பக்கம் போய்விட்டது.

"நான்தான் சரியாக் கழுவலயோ என்னவோ" என்றாள். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவதான் சுடுதண்ணில போட்டேன். தெனமும் போட்டிருக்கணுமா?"

"அது... போட்டா நல்லது."

"சொட்டு விட்டுப் பாக்கலாமான்னுகூடத் தோணுச்சு. அப்பறம், ஆர்வோ பாத்துக் குடுத்தத நாம சந்தேகப்பட்டா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன். இது உள்ள ஏதாவது கோளாறா இருக்குமோ? வாரண்டியில மாத்தித் தருவாங்களா?"

கோரி வாரண்டி அட்டையை எடுத்துப் புரட்டினான். நல்ல பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. "மாத்திரலாமே, ஆயுசு வாரண்டி ஆச்சே" என்று ஆரம்பித்தவன், கீழே வந்ததும் இழுத்தான். "கீறினாலோ, எழுத்து பொறிச்சாலோ, பூச்ச எடுத்தாலோ செல்லாதுன்னு போட்டிருக்கு. இதுல தேதி இருக்கே... ஆர்வோ, நீங்க என்ன சொல்றீங்க?"

ஆர்வோவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இந்தக் கதையில் அவன் செய்த காரியங்களிலேயே கேவலமானது அதுதான், அந்த நேரத்தில் அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

"செல்லாதுதான்" என்றான். "பொறிச்சுட்டா கம்பெனிக்காரன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

"நீதான பொறிச்ச?" ஜினெட் குற்றம் சொல்கிற மாதிரிக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

"நீதான கேட்ட?"

அவள் அட்டையைப் பார்த்தாள். "ஆமா. நான்தான் கேட்டேன்" என்றாள்.

அதோடு விட்டிருந்தாலும் போகட்டும். "ஒரு வேள திரவம் ஒத்துக்கலையோ என்னமோ. புதினாவுக்கு மாறிப் பாரேன்" என்று ஒரு புதுப் பாட்டிலை வேறு எடுத்து அவள் கையில் கொடுத்தான். காசு வேண்டாம் என்றான். அதற்கும் அவள் தேங்க்ஸ் சொன்னாள். தேங்க்ஸ் சொல்லிவிட்டு, அதே எஃகை இன்னும் பத்து நாள் உதட்டில் வைக்கப் போனாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, காபிக் கடை வரிசையில் ஓல்கா வசிலென்கோ ஆர்வோவைப் பிடித்துக்கொண்டாள். ஆலையில் அவனுக்கு ஃபோர்மேனாக இருந்தவரின் மனைவி. ஊர்ச் செய்தி எதுவும் ஓல்காவைத் தொடாமல் தெருவைக் கடக்காது.

"என்னய்யா இது தலை? கரடி மாதிரி இருக்க. ஓ, நீயும் ஜினெட் விஷயம் தெரிஞ்சுதான் போகலயா?"

"என்ன விஷயம்?"

"தெரியாத மாதிரி கேக்கறான் பாரு. வாயெல்லாம் புண்ணு. நார்த் பே பக்கத்துல யாரோ மோட்டார் சைக்கிள்காரனாம், அவன்கிட்ட வாங்கிட்டு வந்த சீக்குன்னு பேசிக்கறாங்க. அவ நாற்காலியில ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க. சலூன் மொதலாளி கார்லாவும் கடை நடத்தணுமே? அவளத் துண்டு தொவைக்கப் போட்டுட்டா. போன தடவ நான்கூட கார்லாகிட்டயே வெட்டிக்கிட்டேன்." ஓல்கா குரலைத் தாழ்த்தினாள். "பாவம், மறுபடி சிகரெட்டு. கொல்லைப் பக்கம் நின்னு ஊதித் தள்ளறா. எனக்கு மத்தியானம் அங்கதான் சாயம் போடணும், எப்படி மொகம் குடுத்துப் பேசறதுன்னு தெரியல."

ஆர்வோ காபி வாங்காமலேயே வெளியே வந்தான். வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். சீக்கு என்கிறார்கள். அவள் அக்காவுக்குப் பாதி நுரையீரல். இவள் மறுபடி சிகரெட். எல்லாம் எதற்காக? ஆலைக்காரர்கள் இரண்டு பேர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக. தூ என்று வாய்விட்டே சொன்னான். கார்க் கண்ணாடியில் ஆவி படிந்தது.

மத்தியானம் சலூனுக்குப் போனவன் முன் வாசலைத் தவிர்த்துவிட்டுக் கொல்லைப் பக்கமாக வந்தான். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், உருகாமல் கறுத்துக் கிடந்த பனிக் குவியல் ஓரமாக ஜினெட் நின்றிருந்தாள். மாஸ்க் மோவாய்க்குக் கீழே. வாயின் புண்ணில்லாத மூலையில் சிகரெட்டைச் செருகியிருந்தாள். அவனைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான், ஆர்வோ. அந்தச் சாமான வச்சா எரியுது, தாங்க முடியல. திட்டாத."

அவள் தன்னிடம் சிகரெட்டை மறைக்கிறாள் என்பதை ஆர்வோவால் தாங்கவே முடியவில்லை.

"அது டைட்டானியம் இல்ல, ஜினெட்" என்றான். "எஃகு. நிக்கல் இருக்கு. டைட்டானியம்ங்கறது பூச்சோட நிறம்."

அவள் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தாள்.

"உள்ள வந்து சொல்லு" என்றாள், மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு. "எல்லார் முன்னாடியும் வந்து சொல்லு."

உள்ளே கார்லா ஓல்காவின் தலையில் சாயம் தடவிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். நாலு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் காதை மூடிய முடியோடு ஒரு கிழவன் நின்றான். ஜினெட் தன் மேஜை டிராயரைத் திறந்து கருவியை எடுத்து வைத்தாள். கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, தேதி வெட்டிய இடத்தில் தேய்த்தாள். பஞ்சு ரோஸ் ஆனது. மெல்ல ஆகவில்லை, பளிச்சென்று ஆனது.

"எல்லாரும் பாத்துக்குங்க" என்றாள். "என் சீக்கு இதுதான்."

ஆர்வோ பெட்டியில் போட்டிருந்த பெயரை, காந்தத்தை, காந்தம் ஏன் ஒட்டவில்லை என்பதை எல்லாம் சொன்னான். சொல்லி முடிக்கும் முன்னாலேயே ஓல்காவுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"முப்பத்தோரு வருஷம்! என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியே ஆகணும். ஏன்யா, நிக்கல் இல்லைன்னு காட்ட நிக்கலயே சாட்சிக்குக் கூப்ட்டியா?"

கார்லா சிரித்தாள். காத்திருந்த பெண்களும் சிரித்தார்கள். ஏழு வாரமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்தானோ அந்தச் சிரிப்பு இதுதான். வெந்நீர் மாதிரி இதமாக இருந்தது. இதற்கா இத்தனை பயம்? மாஸ்க்குக்கு மேலே ஜினெட்டின் கண்கள்கூடக் கொஞ்சம் சுருங்கின.

"மன்னிச்சிரு, ஜினெட்" என்றாள் ஓல்கா. "நாங்க என்னென்னமோ பேசிட்டோம். இவன் ஒரு மடையன், ஏமாந்துட்டான். சரி விடு, இப்பவாவது கண்டுபிடிச்சானே. எப்பய்யா தெரிஞ்சுது உனக்கு?"

"பெட்டியப் பாத்தேன்" என்று ஆரம்பித்தான். நேத்து என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஏமாந்த மடையனாக வீட்டுக்குப் போகலாம், அடுத்த மாதம் முடிவெட்டிக்கொள்ளலாம். ஜினெட்டின் பெருவிரல் அந்தத் தேதியின் மேல் மெதுவாகப் போய்வந்துகொண்டிருந்தது. ரோஸ் பஞ்சு பக்கத்திலேயே கிடந்தது.

"இந்தத் தேதிய வெட்டறப்பவே தெரியும்" என்றான்.

சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"அன்னிக்கேவா?" என்றாள் ஜினெட்.

"மொத எழுத்துலயே."

"நான் வெளிய நின்னு பேசிட்டு இருந்தேனே."

"கேட்டுட்டுதான் இருந்தேன்."

"வாரண்டி கேட்டு வந்தனே, அப்ப?"

"தெரியும்."

"புதினா குடுத்தியே?"

ஆர்வோ தலையை மட்டும் ஆட்டினான். ஓல்கா தன் மடியில் விரித்திருந்த துணியைச் சரிசெய்தாள். மடையன் என்று சொல்ல இப்போது யாருக்கும் வாய் வரவில்லை. அந்த வார்த்தை எவ்வளவு பெரிய சலுகை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கடையில நெசமான டைட்டானியம் ஒண்ணு இருக்கு" என்றான் அவசரமாக. "தராசுல நிறுத்துப் பாத்துட்டேன். நீயே சொட்டு விட்டுப் பாத்துக்கலாம். நாளைக்கே கொண்டாறேன். நீ சிகரெட்டுக்குப் போயிராத, ஜினெட், ஒன்ன கெஞ்சிக் கேக்கறேன். இது நல்ல சாமான். ஆயுசுக்கும் இருக்கும்."

"அதுக்கு வாரண்டி யாரு?" என்றாள் ஜினெட். "நீயா?"

கேலியாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தாள்.

கார்லா சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஜினெட், ஓல்காவுக்கு நீயே அலசி வெட்டிவிடு. இனிமே உன் நாற்காலி உனக்கு" என்றாள். ஓல்கா, "ஆமா கண்ணு, நீயே வெட்டு" என்றாள்.

ஜினெட் கை கழுவப் போனாள். போகிற வழியில் நின்று, அந்தக் கருவியை எடுத்து ஆர்வோவின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் தலையை ஒரு தடவை பார்த்தாள், பதினோரு வருஷமாகப் பார்க்கிற பார்வைதான். எங்கே எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"முடி ரொம்ப வளந்துருச்சு உனக்கு" என்றாள். "வேற எங்கயாவது போய் வெட்டிக்க."

ஆர்வோ வாசலுக்கு வந்தான். கை இன்னும் விரிந்தபடியே இருந்தது. கருவியில் பேட்டரி இல்லை, அவள் கழற்றிவிட்டிருந்தாள். அப்படியும் கனமாகத்தான் இருந்தது.